வீட்டுக் கணக்கு: குத்தகைக் காரும் குடும்பக் காசும்



மே மாதத்தில் எங்கள் ஏற்காட்டுக்கு வந்து பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, பென்ஸும் ஆடியும் சேர்வராயன் கோயில் வரை வந்து நிற்கும். குகைக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டு வருகிறவர்கள், அடுத்தபடியாக அந்த வண்டிகளைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். "இதெல்லாம் லீசுக்கே கிடைக்குதாம், மொத்தப் பணம் வேண்டாமாம்!" என்ற பேச்சும் காதில் விழுகிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதே பேச்சு. சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு அப்படியொரு கார் மேல் ஆசை. தங்கைக்கோ அடுத்த வருஷம் கல்லூரி. "நீங்களே ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்கக்கா" என்றார் தாயார். அந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

லீஸ் என்றால் குத்தகைதான். காப்பித் தோட்டத்து மிளகைக் குத்தகைக்கு எடுத்தவர் காய் பறிக்கலாம், கொடி அவருடையதாகிவிடாது. லீஸ் காரும் அப்படியே. நம் வாசலில் நிற்கும்; சொத்து கம்பெனியுடையது. இன்னொன்று, நம் பக்கம் 'லீசு வீடு' என்றால் கொடுத்த தொகை முழுசாகத் திரும்பி வரும். கார் லீசில் கட்டுகிற மாத வாடகை திரும்பாது.

காரின் உண்மைச் செலவு, வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசம். 60 லட்ச ரூபாய் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி நூற்றுக்கு 20. அதுவே 12 லட்சம். இன்ஷூரன்ஸ் கணக்குப்படி ஐந்தாம் வருஷத்தில் காரின் மதிப்பு பாதியாகிவிடும். அதில் 30 லட்சம் போச்சு. ஆக 42 லட்சத்தை 60 மாதத்துக்குப் பங்கிட்டால், மாதம் 70,000 ரூபாய்! பெட்ரோல், டயர், இன்ஷூரன்ஸ், வட்டி எல்லாம் இதற்கு மேலே.

8 லட்ச ரூபாய்க் காருக்கு வரி நூற்றுக்கு 13. அதே மாதிரி கணக்குப் போட்டால் மாதம் 8,400 ரூபாய்தான்.

லீஸ் கம்பெனி இந்த நஷ்டத்தைத் தானே சுமக்குமா? இதோடு வட்டி, லாபம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துத்தான் மாத வாடகை வைக்கும். முன்பணம் குறைவு, விற்கிற தலைவலி இல்லை என்பது உண்மை. வேலை பார்க்கும் கம்பெனி மூலம் எடுத்தால் வரிச் சலுகையும் கிடைக்கலாம். அது எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள்.

"அந்தக் காலத்தில் கார் விலை இறங்கவே இறங்காதே!" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, பதிவு செய்தவர்கள் கூடுதல் விலைக்குக் கைமாற்றியதும் உண்டு. காரணம் தட்டுப்பாடு. இன்று அடிக்கடி புது மாடல் வருகிறது. பழசின் மவுசு சட்டென்று குறைகிறது. பழைய காரை வாங்க வருகிறவர் பளபளப்பை மட்டுமா பார்ப்பார்? உதிரிபாகம் கிடைக்குமா, பக்கத்து ஊர் மெக்கானிக் கை வைப்பாரா என்றுதான் முதலில் கேட்பார். எல்லோரும் ஆசைப்படுகிற வண்டி வேறு, எல்லோரும் வாங்குகிற வண்டி வேறு.

கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? மீறினால் எவ்வளவு?
2. வேலை மாறி, நடுவில் திருப்பிக் கொடுத்தால் என்ன அபராதம்?
3. இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ் யார் பொறுப்பு?
4. கீறல், நசுங்கலுக்கு எப்படிப் பிடிப்பார்கள்? மலை வளைவில் ஓட்டுகிறவர்களுக்கு இது முக்கியம்.
5. கடைசியில் நாமே வாங்கிக்கொள்ள விலை என்ன?

பக்கத்து வீட்டுத் தாயார் இந்தக் கணக்கை மகன் முன் வைத்து, "உன் சம்பளத்தில் இது போக தங்கச்சி பீஸுக்கு என்ன மிஞ்சும்னு நீயே எழுதுப்பா" என்றார். அவன் ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறான்.

ஆசைப்படுவது தப்பில்லை. கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஆசை தீர ஏறி வாருங்கள். மாதா மாதம் கட்டுவதற்கு முன் மட்டும் பேனாவைக் கையில் எடுங்கள்!