அசைவூட்டக் கல்வி: ஆசை மட்டும் போதுமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் பல இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகிறது. அடுத்து என்ன படிப்பது? மருத்துவம், பொறியியல், கணக்கியல் என நன்கு அறிமுகமான துறைகளோடு இப்போது இன்னொரு துறையும் மாணவர்களிடையே பேசப்படுகிறது. அனிமேஷன் எனப்படும் அசைவூட்டமும் அதனோடு இணைந்த காட்சி விளைவுத் துறையுமே அது. ‘படம் வரைந்து பிழைக்க முடியுமா?’ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். ‘எனக்குப் பிடித்தது இதுதான்’ என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கின்றனர். ஒரு படிப்பைத் தள்ளுவதற்கு அந்த அச்சம் போதாது. அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த ஆசையும் போதாது.

முதலில் பெற்றோரின் அச்சத்தைப் பார்ப்போம். அசைவூட்டத் துறை மலேசியாவில் இன்று வெறும் கனவன்று. 2007ஆம் ஆண்டில் ஒளியேறிய ‘உப்பின் இப்பின்’ தொடர், ஒரு கம்பத்துச் சிறுவர்களின் வாழ்க்கையை நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது. மலாய், சீனப் பிள்ளைகளோடு ராஜு என்னும் இந்தியச் சிறுவனும் அதில் விளையாடுகிறான். அத்தொடர் இந்தோனேசியாவிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2011ஆம் ஆண்டில் ‘போபோய்போய்’ தொடரும், 2016ஆம் ஆண்டில் ‘ஏஜென் அலி’ தொடரும் வெளிவந்தன. 2019ஆம் ஆண்டில் திரைகண்ட ‘ஏஜென் அலி’ திரைப்படம் ஏறத்தாழ 30 மில்லியன் ரிங்கிட் வசூலித்தது. ஆகவே, இத்துறையில் வேலையே இல்லை என்று கூறுவது சரியாகாது.

எனினும், வேலை இருக்கிறது என்பதாலேயே அது எளிய வேலை ஆகிவிடாது. திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. அவ்வாறெனில், ஒன்றரை மணி நேரப் படத்திற்கு 1,29,600 படச் சட்டங்கள் தேவை. கதை எழுதுதல், காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைதல், பாத்திரங்களை முப்பரிமாணத்தில் வடித்தல், அவற்றுக்கு எலும்புக்கூடு பொருத்துதல், அசைவு கொடுத்தல், ஒளியமைத்தல், அனைத்தையும் ஒன்றாக இணைத்தல் எனப் பணிகள் பல கைகள் மாறுகின்றன. ஒருவர் மாதக்கணக்கில் ஒரு பாத்திரத்தின் தலைமுடியை மட்டுமே சீர்செய்து கொண்டிருக்கலாம். படம் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி வேறு; படம் செய்வதற்குத் தேவைப்படும் பொறுமை வேறு.

இத்துறையின் நிலையற்ற தன்மையையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ‘லைஃப் ஆஃப் பை’ திரைப்படத்தில் படகில் வரும் புலி, பெரும்பாலான காட்சிகளில் கணினியில் உருவாக்கப்பட்டதாகும். அப்படம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதை 2013ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வென்றது. அதே மாதத்தில்தான் அப்புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தை நாடியது. அந்நிறுவனத்திற்கு மலேசியாவிலும் கிளை இருந்தது. உலகிலேயே சிறந்த வேலையைச் செய்தவர்களும் வேலையை இழக்க நேரலாம் என்பதை இது காட்டுகிறது. ஆகவே, ஒரு நிறுவனத்தையோ ஒரு மென்பொருளையோ மட்டும் நம்பி இத்துறைக்குள் நுழைவது அறிவுடைமையாகாது.

இங்குதான் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை முக்கியமாகிறது. பல கல்லூரிகளின் விளம்பரங்களில் கற்பிக்கப்படும் மென்பொருள்களின் பெயர்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மாணவர்களும் அவ்வரிசையின் நீளத்தைப் பார்த்து மயங்குகின்றனர். உண்மையில், மென்பொருள்கள் சில ஆண்டுகளிலேயே மாறிவிடுகின்றன. லாட்வியா நாட்டில் உருவான ‘ஃப்லோ’ என்னும் படம் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டே செய்யப்பட்டது. எனினும், அது 2025ஆம் ஆண்டில் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. யார் வேண்டுமானாலும் பெறக்கூடிய கருவி அது. அப்படத்தைச் சிறக்கச் செய்தது கதையும் கற்பனையுமே ஆகும்.

மாறாக, அடிப்படைகள் எளிதில் மாறுவதில்லை. டிஸ்னி நிறுவனக் கலைஞர்கள் இருவர் 1981ஆம் ஆண்டில் தங்கள் நூலில் தொகுத்துக் கூறிய அசைவூட்டத்தின் 12 கோட்பாடுகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. பந்து தரையில் விழும்போது ஏன் நசுங்கித் தோன்ற வேண்டும், ஒருவர் குதிக்கும் முன் ஏன் சற்றுக் குனிய வேண்டும் என்பன அக்கோட்பாடுகளுள் அடங்கும். ஓவியம், உடலமைப்பு, ஒளி, கதை சொல்லல் ஆகியவற்றுக்கு முதலாண்டில் போதிய நேரம் ஒதுக்கும் படிப்பே சிறந்த படிப்பு எனலாம். படம் வரையும் வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கியுள்ள இக்காலத்தில் இத்தேவை மேலும் கூடியுள்ளது. எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று பிரித்தறியும் கண் மனிதனுக்கே வேண்டும்.

படிப்பை உறுதி செய்வதற்குமுன் சில கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அப்படிப்புக்கு மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரம் இல்லையெனில் பி.டி.பி.டி.என். கடனுதவி கிடைக்காது. இறுதியாண்டு மாணவர்களின் படைப்புகளைப் பார்க்க முடியுமா? விரிவுரையாளர்கள் இத்துறையில் பணியாற்றியவர்களா? தொழிற்பயிற்சி எத்தனை மாதங்கள்? கல்விக் கட்டணத்தோடு கணினிச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டாயிற்றா? பளபளப்பான விளம்பர ஏட்டைவிட இறுதியாண்டு மாணவர் ஒருவர் செய்த ஒரு நிமிடப் படம் அக்கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்லும்.

‘இணையத்திலேயே எல்லாம் கிடைக்கும்போது பல்கலைக்கழகம் எதற்கு?’ என்று கேட்பவர்களும் உள்ளனர். இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மென்பொருளை வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால், குழுவாகச் சேர்ந்து ஒரு படத்தைக் குறித்த நாளுக்குள் முடிப்பதையும், தன் படைப்பின் குறைகளைப் பிறர் சுட்டிக்காட்டும்போது மனம் தளராமல் திருத்துவதையும் தனியறையில் அமர்ந்து கற்பது கடினம். ஒரு படிப்பு அந்த அனுபவத்தைத் தருமானால் செலுத்தும் கட்டணத்திற்குப் பொருள் உண்டு. தராவிட்டால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவதே மேல்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர் பெரியோர். இத்துறையின் ஆழத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. விண்ணப்பம் அனுப்புமுன் பத்து வினாடிப் படம் ஒன்றைச் செய்து பார்க்கலாம். அதற்கு 240 படச் சட்டங்கள் போதும். அதை முடித்த பின்னும் இன்னொன்று செய்ய வேண்டும் என்று தோன்றும் மாணவர் தம் பெற்றோரிடம் துணிந்து பேசலாம். அந்தப் பத்து வினாடிப் படத்தையே சான்றாகக் காட்டலாம். பாதியிலேயே சலித்துப்போகும் மாணவருக்கும் இழப்பு ஒன்றுமில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் செலவிட்ட பிறகு தெரியவேண்டிய உண்மை, சில வாரங்களிலேயே தெரிந்துவிடுகிறது.