வாத்தியார் பக்கம்: திடலுக்குப் போன பெண்பிள்ளைகள்



இம்முறை காற்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் பெண்கள் ஆடும் காற்பந்து. "வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பெண்பிள்ளை பெற்ற தாய்மார்களும் தகப்பன்மார்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்று நம் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுப்பவர்களில் பங்களாதேஷிலிருந்து வந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். வேலைக் காட்டில் பார்க்கிறோம், கடை வாசலில் பார்க்கிறோம். அவர்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. 2025 ஜூலை மாதம் அவர்கள் நாட்டுத் தலைநகரான டாக்காவில் ஒரு பாராட்டு விழா நடந்தது. நடந்த நேரம் என்ன தெரியுமா? பின்னிரவு மூன்று மணிக்கு மேல்! விமானத்தில் வந்து இறங்கிய பெண்கள் காற்பந்துக் குழுவை வரவேற்க, அந்த நேரத்திலும் மக்கள் தூக்கத்தை விட்டுவிட்டுக் கூடியிருந்தார்கள்.

அப்படி என்ன சாதித்துவிட்டார்கள்? ஆசியப் பெண்கள் கிண்ணப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றிருந்தார்கள். அவ்வளவுதான். கிண்ணத்தை வெல்லவில்லை, வாசல் கதவைத்தான் திறந்திருந்தார்கள். ஆனால் அந்த வாசலைத் திறப்பது எளிதன்று.

2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் என்று குறிக்கப்பட்ட அந்தப் போட்டியில் 12 நாடுகளுக்கு மட்டுமே இடம். போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவுக்கு ஓர் இடம். 2022ஆம் ஆண்டுப் போட்டியில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகியவற்றுக்கு மூன்று இடங்கள். எஞ்சியவை 8. அந்த எட்டுக்காக 34 நாடுகள் எட்டுப் பிரிவுகளாக மோதின. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் நாடு மட்டும் உள்ளே போகலாம். இரண்டாம் இடம் பெற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2027இல் பிரேசிலுக்கு என்று முடிவான உலகக் கிண்ணத்திற்கும் ஆசிய நாடுகளுக்கு இதுவே வழி என்பதால், போட்டி கடுமையாக இருந்தது.

பங்களாதேஷ் ஆடிய பிரிவு மியன்மாரின் யங்கோன் நகரில் நடந்தது. முதல் ஆட்டத்தில் பஹ்ரேனை 7-0 என்று வென்றார்கள். அடுத்து, சொந்த மண்ணில் ஆடும் மியன்மார். உலகத் தர வரிசையில் மியன்மார் 55ஆம் இடம், பங்களாதேஷ் 128ஆம் இடம். யார் வெல்வார்கள் என்று பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால், நீங்களும் நானும் மியன்மார் பக்கம்தான் நின்றிருப்போம்.

ஜூலை 2ஆம் தேதி அந்த ஆட்டம் நடந்தது. 18ஆம் நிமிடத்தில் ரிதுபர்ணா சக்மா என்ற பெண் ஒரு கோல் போட்டார். 72ஆம் நிமிடத்தில் அதே பெண் இரண்டாவது கோலையும் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் மியன்மார் ஒரு கோல் திருப்பியது. அதற்குமேல் அவர்களால் முடியவில்லை. 2-1. அதே நாளில் பிரிவின் மற்ற இரு நாடுகளும் சமநிலை கண்டதால், ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே பங்களாதேஷின் இடம் உறுதியாகிவிட்டது. கடைசி ஆட்டத்தில் துர்க்மேனிஸ்தானையும் 7-0 என்று வென்று ஊர் திரும்பினார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, 2021இல், இதே தகுதிச் சுற்றில் இதே நாடு ஜோர்டானிடம் 0-5, ஈரானிடம் 0-5 என்று தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. ஐந்து கோல் வாங்கியவர்கள் எப்படி ஏழு கோல் போடுகிறவர்களானார்கள்? அதற்கு விடை தேட யங்கோனுக்கோ டாக்காவுக்கோ போகக் கூடாது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

மைமன்சிங் மாவட்டத்தில், இந்திய எல்லையை ஒட்டி, கொல்சிந்தூர் என்றொரு கிராமம். வயல் வேலையும் கூலி வேலையும் செய்து பிழைக்கும் குடும்பங்கள். 2011இல் அந்நாட்டில் ஆரம்பப் பள்ளி மாணவிகளுக்காக நாடு தழுவிய காற்பந்துப் போட்டி ஒன்று தொடங்கியது. கொல்சிந்தூர் அரசு ஆரம்பப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், "நம் பிள்ளைகளும் ஆடட்டும்" என்று மாணவிகளைத் திடலில் இறக்கினார். அவர் பெரிய பயிற்சியாளர் அல்லர். என்னைப் போல் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்தான்.

பெற்றோர்கள் சும்மா விடுவார்களா? "பெண்பிள்ளை பந்து உதைப்பதா? ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார்கள். ஆசிரியர் சளைக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார். சிலர் இசைந்தார்கள். சிலருக்காக மறுபடியும் போனார். 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தச் சின்னப் பள்ளி தேசியக் கிண்ணத்தை வென்றது. அதுவரை மின்சாரம் இல்லாத அந்தக் கிராமத்துக்கு, பிள்ளைகள் பெற்ற வெற்றியால் விளக்கு வந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, வாசகர்களே. உண்மையாகவே கம்பி இழுத்து வீடுகளில் மின்விளக்கு எரிந்தது!

ஆனால் வெற்றி பெற்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2016இல் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியத் தகுதிச் சுற்று டாக்காவில் நடந்தது. பங்களாதேஷ் சிறுமிகள் ஈரானை 3-0, சிங்கப்பூரை 5-0, கிர்கிஸ்தானை 10-0 என்று வென்று, எந்த ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பிடித்தார்கள். நாடே மகிழ்ந்தது. அதன் பிறகு கொல்சிந்தூர்ப் பிள்ளைகளைச் சாதாரணப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நாட்டுக்கு வெற்றி தேடித் தந்த அந்தச் சிறுமிகள், வழி நெடுக உடன் பயணம் செய்தவர்களின் கேலியையும் கெட்ட பேச்சையும் கேட்டுக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள். செய்தி வெளிவந்தபோது பலர் தலைகுனிந்தனர்.

அந்தப் பிள்ளைகள் வீட்டில் முடங்கிவிடவில்லை. 2022இல் தெற்காசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில், நேபாளத்தை அதன் தலைநகரிலேயே 3-1 என்று வென்றார்கள். அந்தக் குழுவின் 23 பேரில் 8 பேர் கொல்சிந்தூர்க்காரர்கள். ஆட்டத்துக்கு முந்திய நாள், அவ்வூர்ப் பெண்ணான சஞ்சிதா அக்தர் ஒரு செய்தி எழுதினார். திறந்த வண்டி ஊர்வலம் எங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஊராரின் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் எங்களைத் திடலுக்கு அனுப்பியவர்களுக்காக வெல்ல விரும்புகிறோம் என்பது அதன் கருத்து. வென்று திரும்பியபோது, கூரையில்லாத பேருந்து ஒன்று விமான நிலையத்தில் காத்திருந்தது. சாலையின் இருபுறமும் மக்கள் வெள்ளம். பேருந்தில் கேலி கேட்ட அதே ஊர்ப் பெண்கள், ஆறே ஆண்டுகளில் பேருந்தின் மேல்தட்டில் நின்று கையசைத்தார்கள்.

இவர்கள் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். மரியா மண்டா தந்தையை இழந்தவர். தாய் கூலி வேலை செய்து வளர்த்தார். கோல் காவலர் ரூப்னா சக்மா, ரங்காமாட்டி மலைப்பகுதியைச் சேர்ந்தவர். 2022இல் தெற்காசியாவின் சிறந்த கோல் காவலராகத் தேர்வு பெற்றபோது, அவருடைய இடிந்த குடிசையின் படம் பரவி, பிறகுதான் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது. யங்கோனில் இரண்டு கோல் போட்ட ரிதுபர்ணாவும் அதே மலைப்பகுதிதான். அவரும் தந்தையை இழந்தவர். வசதி இருந்தால்தான் பிள்ளை முன்னேறும் என்று சொல்லும் நம்மைப் பார்த்து, இவர்கள் சிரிக்க மாட்டார்களா?

எதிர்ப்பு முற்றாக ஓய்ந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2025 ஜனவரியில் அந்நாட்டின் ஜொய்பூர்ஹாட் என்ற இடத்தில் பெண்கள் ஆட்டம் ஒன்றை நடத்த விடாமல், திடலின் வேலியைச் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். ஆட்டம் நின்றுபோனது. அதே ஆண்டு ஜூலையில்தான் யங்கோன் வெற்றி. வேலியைப் பிடுங்கலாம், திடலுக்குப் போய்ப் பழகிய காலைப் பிடுங்க முடியாது.

சரி, நம் கதைக்கு வருவோம். ஆசியப் பெண்கள் கிண்ணம் முதன்முதலில் 1975இல் ஹாங்காங்கில் நடந்தபோது, ஆடிய நாடுகள் ஆறே ஆறு. அவற்றில் மலேசியாவும் ஒன்று, சிங்கப்பூரும் ஒன்று. மலேசியா நான்காம் இடம் பெற்றது. 1983இல் பாங்காக்கில் மூன்றாம் இடம். அந்த 1975ஆம் ஆண்டுப் போட்டியில் பங்களாதேஷின் பெயரே இல்லை. 2025 தகுதிச் சுற்றில் மலேசியா வடகொரியா இருந்த பிரிவிலும், சிங்கப்பூர் ஈரான் இருந்த பிரிவிலும் ஆடின. வடகொரியாவும் ஈரானும் மேலே போயின. நமக்குப் பின்னால் வந்தவர்கள் நம்மைக் கடந்து போய்விட்டார்கள்.

இதற்குச் சங்கத்தைக் குறை சொல்லலாம், பணத்தைக் குறை சொல்லலாம். அதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்ப்பது என் வகுப்பை.

நான்காம் ஆண்டு வரை நம் பெண்பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் பையன்களோடு சேர்ந்து ஓடுகிறார்கள். சிலர் பையன்களை முந்துகிறார்கள். ஐந்தாம் ஆண்டில் ஒருத்தி மெதுவாக ஒதுங்குகிறாள். ஆறாம் ஆண்டில் மற்றவளும் திடல் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். "ஏன்மா ஆடவில்லை?" என்று கேட்டால், "அம்மா வேண்டாம்னு சொன்னாங்க சார்" என்கிறாள். ஏன் வேண்டாம்? வெயிலில் கறுத்துவிடுவாள். காலில் அடிபட்டால் நாளைக்கு யார் கட்டுவான்? தம்பியை யார் பார்த்துக்கொள்வது? சோறு யார் வடிப்பது?

தாய்மார்களே, உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. விடியுமுன் எழுந்து, வேலைக் காட்டுக்குப் போய், களைத்து வரும்போது வீட்டில் ஒரு கை உதவி வேண்டும்தான். ஆனால் அந்த ஒரு கை எப்போதும் மகளின் கையாகவே இருக்க வேண்டுமா? மகன் திடலிலிருந்து வரும்வரை அவன் தட்டு கழுவாமல் காத்திருக்கிறதே, ஒரு நாள் அவனே கழுவினால் என்ன?

எல்லாப் பெண்களும் நாட்டுக்கு ஆடப் போவதில்லை. கொல்சிந்தூரிலும் எல்லாரும் போகவில்லை. ஆனால் விழுந்தால் எழுவது, தோற்றாலும் மறுநாள் திரும்பி வருவது, பத்துப் பேரோடு ஒத்துப் போவது, நாலு பேர் நடுவில் குரல் கொடுத்துப் பேசுவது ஆகியவற்றை நான் வகுப்பறையில் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது. திடலில் தானாக வந்துவிடும். நாளைக்கு அவள் வேலைக்குப் போகும் இடத்திலும், புகுந்த வீட்டிலும் இவை அவளுக்குத் துணை நிற்கும்.

ஆகவே மூன்றே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொரு மணி நேரம், உங்கள் மகளைத் திடலுக்கு விடுங்கள். அந்த நேரத்து வீட்டு வேலையை அண்ணன் தம்பிகள் பார்க்கட்டும். இரண்டாவது, தோட்டத்து இளைஞர் மன்றத்தார் அந்த இரண்டு மாலையும் திடலைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். இருட்டுமுன் அவர்கள் வீடு சேரத் துணைக்கு ஒருவர் நில்லுங்கள். மூன்றாவது, யார் வீட்டுப் பெண்ணாவது பந்தோடு போகிறாள் என்றால் கேலி பேசாதீர்கள். கேலி பேசுகிறவனைப் பெரியவர்கள் கண்டியுங்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கொல்சிந்தூரில் முதலில் பேசியதும் ஊர்தான். பிறகு வீட்டில் விளக்கு எரிந்தபோது வாயடைத்துப் போனதும் அதே ஊர்தான்.