ஏற்றம் இருக்கட்டும், இறக்கம்?

பழைய காரைப் பிரித்துப் பூட்டியவர்கள் முதலில் காட்டுவது எஞ்சினைத்தான். போர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, பெயின்ட் அடித்து, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த பேச்சு, "ஊட்டிக்கு ஒரு நடை போயிட்டு வரணும்." என் மச்சானின் பிரீமியர் பத்மினி இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, அங்கிருந்து கூடலூர் இறங்கி மைசூர் என்று திட்டம்.

கோவையில் அவருடைய மெக்கானிக் கேட்டது ஒன்றுதான்: "ஏறறதுக்கு எஞ்சின் ரெடிங்க. இறங்கறதுக்கு என்னத்த ரெடி பண்ணீருக்கீங்க?"

ஏற்றமும் லேசுப்பட்டதல்ல. பத்மினியின் 1089 சிசி எஞ்சின் தருவது சுமார் 40 குதிரைத்திறன். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இழுவையும் அதே கணக்கில் குறையும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று குறைந்த கணக்குக்குப் பெட்ரோலைக் குறைக்காது. புகை கறுக்கும், பிக்கப் விழும். வெயிலில் மெதுவாக ஏறும்போது பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோவதும் உண்டு. ஓரங்கட்டி, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் சரியாகும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்பதால் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இற்றுப்போயிருக்கக் கூடாது. விலை அற்பம், புதிதாகவே வாங்கிப் போட்டுவிடலாம்.

ஏற்றத்தில் வரும் கோளாறு வண்டியை நிறுத்தும். இறக்கத்தில் வரும் கோளாறு நிறுத்த விடாது.

பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் கீழே கீழே போகும். பிரேக் ஆயிலில் இன்னொரு வில்லங்கம்: அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறியது 140-லேயே கொதிக்கலாம். குழாயில் ஆவிக்குமிழ் வந்தபின் நாம் மிதிப்பது அந்தக் குமிழைத்தான்.

மெக்கானிக் பின்சக்கர டிரம்மைக் கழற்றிக் காட்டினார். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பியதும் உள்ளே ஈரம் மினுங்கியது. கறுத்த ஆயில் ஒரு சொட்டு விரலில் ஒட்டியது. முன்சக்கர ஹோஸை வளைத்தார். மேல்தோலில் மயிரிழை போல வெடிப்புகள். எஞ்சினுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூட இந்தப் பக்கம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் இரும்பைவிட ரப்பர்தான் முதலில் கிழடாகும்.

ஆக, பட்டியல் மாறிவிட்டது. குரோம் பம்பர் பிறகு. வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹோஸ், லைனிங், புது ஆயில் இவை முன்னால். டிக்கியில் ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டென்சர், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், தண்ணீர் கேன். இறங்கும்போது இரண்டாம் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவரிடம் சாவியைக் கொடுக்கவே கூடாது.

புது ரிங் படியும் வரை, ஓர் ஆயிரம் கிலோமீட்டராவது சமதரையில் விரட்டாமல் ஓட்டி, ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கிப் பார்த்த பிறகுதான் மலை என்பது மெக்கானிக்கின் உத்தரவு. மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. தங்கைதான் வழி சொன்னாள்: அந்த ஆயிரத்தைப் பழநி, திருச்செந்தூர் என்று முடித்துவிடலாமாம். பழநியும் மலைதானே என்று அவர் கேட்டார். படியேறப்போவது நாம்தான், கார் அடிவாரத்தோடு சரி என்றாள்.