பதிவேடும் சேர்ந்து எரிகிறது

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் ஆட்களோடு வருகைப் பதிவேடும் எரிந்துவிடுகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்திலும் நடந்தவை தோழர்களுக்குத் தெரியும். அறை அறையாக உள்குத்தகைக்கு விட்ட இடத்தில் எரிவதற்குப் பதிவேடு என்று ஒன்று இருந்ததா என்பதே கேள்விதான். இறந்தவர் அங்கே வேலை பார்த்தார் என்று காட்ட, கடைசியில் மிஞ்சுவது கூலிக் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டின் செல்போன் படமும், வேலைக்குக் கூப்பிட்ட குரல் பதிவும்தான். இவற்றைத் தெருத்தெருவாகப் போய்ச் சேகரிப்பது நம்மைப் போன்ற சிறு அமைப்புகள். வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

அதுவரை அந்தச் சான்றுகள் எங்கே இருக்கின்றன? அலுவலக மூலையில், ஒரே ஒரு சேமிப்பு சர்வரில். “ரெய்டு போட்டிருக்கிறோம், ஒரு டிஸ்க் போனாலும் கவலையில்லை” என்கிறார்கள். யாராவது ஒரு கோப்பை அழித்தால் ரெய்டு அந்த அழிப்பையும் அப்படியே எல்லா டிஸ்க்கிலும் நிறைவேற்றும். ரான்சம்வேர் புகுந்தாலும், பெட்டியையே யாராவது தூக்கிப் போனாலும் எல்லாம் ஒன்றாகப் போகும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் பல்லாயிரம் பேரின் ஜிமெயில் அஞ்சல்கள் காணாமல் போயின. பல தரவு மையங்களில் நகல் வைத்திருந்த கூகுளே, இணைப்பில்லாமல் தனியே கிடந்த நாடாக்களிலிருந்துதான் அவற்றை மீட்டது.

நாடா என்றால் பழைய பாட்டு கேசட்டை நினைத்துச் சிரிக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் எல்டிஓ-9 நாடா ஒன்றில், சுருக்காமலேயே 18 டெராபைட் எழுதலாம். எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் மின்சாரம் வேண்டாம், வைரஸ் எட்டாது. இடிப்பது டிரைவின் விலை. அது லட்சங்களில் இருக்கிறது. அதனால்தான் நாலைந்து அமைப்புகள் பணம் போட்டு ஒன்றை வாங்க வேண்டும் என்கிறோம். ஒரு தொகுதி விருதுநகரில் இருக்கட்டும், மறு தொகுதி மதுரையிலோ சென்னையிலோ. நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள். டிரைவ் வரும்வரை, கழற்றி வைத்த இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு ஊர்களில் இருந்தாலும் போதும்.

எழுதியதோடு வேலை முடியவில்லை. அவ்வப்போது ஒரு நாடாவை எடுத்துக் கோப்புகள் திரும்பி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ், மின்னணு ஆவணத்தின் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. ஆகவே படம் கைக்கு வந்த அன்றே அதைக் கணக்கிட்டுக் காகித நோட்டிலும் எழுதிவையுங்கள். சாட்சிகளின் பெயர் உள்ள நாடா பூட்டப்படாமல் ஊர் தாண்டக் கூடாது. கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காத்து வைத்திருந்ததால்தான் ஞான. அலாய்சியஸ் 1999இல் அவற்றைத் தொகுக்க முடிந்தது. அந்தக் காவல் வேலைதான் இதுவும்.

முதலில் நாடாவில் ஏற வேண்டியவை நிலுவை வழக்குகளின் கோப்புகள். மாநாட்டுப் படங்கள் காத்திருக்கலாம்.