அறிவு எங்கிருந்து வருகிறது?

அறிவு ஆத்மாவின் சொத்து என்றும், கண், காது, மூக்கு, நாக்கு, தோல் இவை நம்பத் தகாதவை என்றும் நமக்கு நெடுங்காலமாகப் போதிக்கப்பட்டு வருகிறது. ஆனால் தொல்காப்பிய மரபியல் உயிர்களை எதைக்கொண்டு வகுத்தது? தொடு உணர்ச்சி மாத்திரம் உள்ள புல், மரம் முதல் ஐம்புலனோடு மனமும் உள்ள மனிதன் வரை, புலனைக்கொண்டே வகுத்தது. மணிமேகலையில் வரும் பூதவாதியும் பூதங்கள் கூடுவதாலேயே உணர்வு தோன்றுகிறது என்று வாதிக்கிறான். ஆகவே இது நாம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்த சரக்கல்ல.

நிற்க, ஏட்டைவிட்டு நாட்டைப் பார்ப்போம். ஆத்ம விசாரத்தில் பேர்போன இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிற்சாலை மயமாயிருக்கிறது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் கெட்ட உணவு உண்டு 150க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. 17ந் தேதி இரவு தொடங்கிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இவர்களுக்கு ஒற்றுமையைப் போதித்த மகான் யார்? இவர்கள் பல ஜில்லாக்காரர்கள். பல ஜாதியில் பிறந்தவர்கள். ஆனால் சோறு ஒன்று, அறை ஒன்று, வயிற்றுவலியும் ஒன்று. கெட்டுப்போன சோறு ஜாதி கேட்டுக்கொண்டு வயிற்றுக்குள் போகவில்லை. வலி கருத்தாயிற்று, கருத்து கூட்டாயிற்று. பிறகுதான் ஆப்பிள் கம்பெனியும் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்குக் குறைந்தவை என்று ஒப்புக்கொண்டது. இதைப் பெண்களின் நாக்கும் வயிறும் முன்னமே சொல்லிவிட்டனவே!

அப்போது சிலர் இறந்துவிட்டதாகவும் ஒரு வதந்தி கிளம்பிற்று. அது பொய். ஆனால் தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது தெரியாதபோது வேறென்ன நடக்கும்? கண்ணை மறைத்த இடத்தில்தான் பொய் புகுந்துகொள்ளுகிறது. பேய்க் கதைகள் வளருவதும் இருட்டில்தானே?

கானல்நீரைக் கண்டு கண் ஏமாறவில்லையா என்று பண்டிதர்கள் கேட்பார்கள். ஏமாறும்தான். ஆனால் கிட்டப்போய்ப் பார்த்து அதைத் திருத்துவதும் அதே கண்ணேயல்லாமல் ஆத்மா அல்லவே!

ஆதலால் நாம் கேட்பது அதிகமல்ல. விடுதி நடத்துகிறவர்களும், பரிசோதிக்க வரும் அதிகாரிகளும், முதலாளிகளும் கணக்குப் புஸ்தகத்தை மூடிவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் ஒருவேளை அந்தத் தட்டிலேயே சாப்பிட்டு, ஒரு இரவு அந்த அறையிலேயே படுத்துப் பார்க்கட்டும். எந்த உபதேசமும் தராத அறிவு தானே வந்து சேரும்.