பாடம் சொல்லாமல் ஒரு பரீட்சை

எந்தப் பாடத்தில் பரீட்சை என்று சொல்லாமலே ஒருவரை வருடம் முழுக்கப் படிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? கிராஸ்ஃபிட் போட்டி அப்படித்தான். ஓட்டக்காரருக்குத் தான் ஓடப்போவது நூறு மீட்டரா, நானூறு மீட்டரா என்பது தெரியும். கிராஸ்ஃபிட்காரருக்கு அது தெரியாது. ஓடச் சொல்லலாம், நீந்தச் சொல்லலாம், கயிறு ஏறச் சொல்லலாம், பார்பெல்லைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லலாம். பல போட்டிகளின் விவரம் கடைசி நேரத்தில்தான் வெளிவரும்.

கிரெக் கிளாஸ்மேனும் லாரன் ஜெனாயும் 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சிமுறை இது. 2007-ல் கலிஃபோர்னியாவின் அரோமாஸ் என்ற ஊரில், ஒரு பண்ணை நிலத்தில் முதல் ‘கிராஸ்ஃபிட் கேம்ஸ்’ நடந்தது. ஜெயித்தவருக்கு ‘உலகிலேயே ஃபிட்டானவர்’ என்று பட்டம். 2011-ல் ‘ஓப்பன்’ சுற்று வந்தது. அறிவிக்கப்படும் பயிற்சியை அவரவர் ஊர் ஜிம்மிலேயே செய்து, மதிப்பெண்ணைப் பதிவு செய்தால் போதும்.

பயிற்சிகளுக்குப் பெயர்கள் உண்டு. ‘ஃப்ரான்’ ரொம்பப் பிரபலம். ஆண்களுக்கு 43 கிலோ பார்பெல். அதைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்து, அதே வேகத்தில் தலைக்குமேல் உயர்த்த வேண்டும். இப்படி 21 முறை. பிறகு 21 புல்-அப்ஸ். அடுத்து இரண்டிலும் 15, கடைசியாக 9. கேட்க எளிது. செய்து முடித்தவர்கள் தரையில் மல்லாந்து கிடப்பார்கள்!

இந்தக் களத்தின் ராணி ஆஸ்திரேலியாவின் டியா-கிளேர் டூமி. 2015, 2016 இரண்டு வருடமும் இரண்டாம் இடம். சோர்ந்துவிடவில்லை. 2017 முதல் 2022 வரை தொடர்ந்து ஆறு பட்டங்கள். நடுவில் 2018 காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம். 2023-ல் குழந்தை பிறந்தது. ‘இனி அவ்வளவுதான்’ என்று நினைத்தவர்களுக்கு 2024, 2025 இரண்டிலும் பட்டம் வென்று பதில் சொன்னார்.

ஆனால், அந்த 2024-ஐ யாரும் கொண்டாட்டமாக நினைப்பதில்லை. ஆகஸ்ட் 8, டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த். முதல் போட்டியே ஐந்தரை கிலோமீட்டர் ஓட்டம்; ஓடிய சூட்டோடு ஏரியில் 800 மீட்டர் நீச்சல். செர்பிய வீரர் லாசர் ஜூகிச் கரை சேரவில்லை. நீரில் மூழ்கி இறந்தார். வயது 28. போட்டி ஒருநாள் நின்று, பிறகு தொடர்ந்தது. சில வீரர்கள் ‘எங்களால் முடியாது’ என்று விலகிக்கொண்டார்கள். பாதுகாப்பு போதுமானதாக இருந்ததா என்ற கேள்வி பலமாக எழுந்தது. அவர் பலவீனமானவர் அல்ல. உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர். எவ்வளவு பலசாலியானாலும், ஆபத்து வந்தால் கைகொடுக்க ஆள் வேண்டும்.

இது எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். நம் ஊர் ஜிம்களிலும் கடிகாரத்தை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் 30 முறை செய்கிறார் என்று நாமும் முதல் நாளே முயல்கிறோம். பழக்கமில்லாத உடலை அளவுக்கு மீறி வருத்தினால் தசைநார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடுமையான தசைவலி, வீக்கம், கறுப்புக் காபி நிறத்தில் சிறுநீர்... இவை தெரிந்தால் ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிராஸ்ஃபிட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. எடையைக் குறைக்கலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், புல்-அப்ஸ் வராவிட்டால் வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து இழுக்கலாம். 20 வயதுப் பேரனும் 60 வயதுத் தாத்தாவும் ஒரே பயிற்சியை அவரவர் அளவில் செய்யலாம். அப்படிக் குறைத்துத் தர மறுக்கும் பயிற்சியாளரிடம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். ‘போதும் மாஸ்டர்’ என்று அவர்கள் சொன்னால், அதைக் கேட்டு நிறுத்துபவரே நல்ல மாஸ்டர்.