குருதியில் ஓர் எழுத்துப் பிழை

'மனம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மணம்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். நம் குருதியிலும் அத்தகைய எழுத்துப் பிழை நேர்வதுண்டு.

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அதன் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஆறாம் இடத்தில் வாலின் அமர்ந்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு, வட்டமான சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. கடும் வலியும் சோகையும் தோன்றுகின்றன. இதுவே அரிவாள் அணுச்சோகை.

இந்தியாவில் இது 1952ஆம் ஆண்டு நீலகிரிப் பழங்குடியினரிடையே முதலில் அறியப்பட்டது. 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன், நடுவண் அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரின் குருதியைச் சோதிப்பது அதன் இலக்கு.

சோதனை இன்றியமையாதது, ஆயினும் அது மட்டும் போதாது என்பதே என் கருத்து. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மாற்றத்தைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார். அவரை நோயாளி என்று ஒதுக்குவது அறியாமை. அத்தகைய இருவர் மணம் புரிந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதனை முன்னரே அறிந்தால் குடும்பம் தெளிவாக முடிவெடுக்கலாம்.

'சோதித்தால் பழிச்சொல் வரும். அறியாமல் இருப்பதே நன்று' என்பாரும் உளர். அவர்களது அச்சம் பொய்யன்று. சோதனை முடிவைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் திருமணம் தடைபடுமானால், அறிவியல் அவளுக்குத் தீங்காகிவிடும். ஆனால் அதற்குத் தீர்வு சோதனையைத் தவிர்ப்பதன்று. இம்மரபணு தாய்வழியும் தந்தைவழியும் ஒன்றுபோலவே வருகிறது. எனவே பெண்ணை மட்டும் பழிப்பதற்கு அறிவியலில் இடமே இல்லை.

ஆகவே, குருதி எடுக்கும் இடத்திலேயே அவரவர் தாய்மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும். முடிவுகள் உரியவரிடம் மட்டுமே சேர வேண்டும். நோயுற்றோருக்குத் தொடர்ந்து மருந்து கிடைக்க வேண்டும். குருதியில் உள்ள பிழை எவருடைய குற்றமும் அன்று. அதனைக் குற்றமாகக் கருதும் மனத்தின் பிழையையே நாம் முதலில் திருத்த வேண்டும்.

சிந்தித்து எழுதுக: சோதனை முடிவுகளை உரியவரிடம் மட்டுமே தர வேண்டும் என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.